பெரிய வெள்ளியன்று வேலைக்குப் போனவர்

சேசு மரி சூசை

முத்தழகுபட்டி, திண்டுக்கல்
12.6.97

தம்பி ராயப்பராஜுக்கு அக்காள் ஆனந்தமேரி எழுதுவது. இங்கே நானும் டெய்சியும் மூச்சு விட்டுக்கொண்டு இருக்கிறோம். நீயும் நான்சியும் சுகமாய் இருக்க தேவமாதா துணை நிற்கட்டும். நான்சிக்கு வாந்தி நின்றதா? ஆறு மாதம் முடிந்தும் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரியில் காட்டு.

நீ வாணியம்பாடிக்குப் போனதை என்னிடம் சொல்லவில்லை. நான்சியின் அம்மா தண்ணீர்க் குழாயடியில் சொல்லித்தான் தெரியும். உன் மச்சானுடைய முப்பதாம் நாள் பூசை முடிந்து நாலு நாள்கூட நீ ஊரில் இருக்கவில்லை. விலாசமும் அந்த அம்மாவிடம்தான் கேட்டு வாங்கினேன். நான் ஐந்தாவது வரை படித்தவள். எழுத்து கோணலாய் இருக்கும், பொறுத்துக்கொள். டெய்சியை எழுதச் சொல்லலாம். இதை அவள் கையால் எழுத வைக்க மனசு வரவில்லை.

நேற்று சங்கத்து வக்கீல் ஆள் விட்டு அனுப்பினார். உன் மச்சான் செத்ததற்கு லேபர் ஆபீசில் போட்ட மனுவுக்குத் தோல்ஷாப்பில் இருந்து பதில் கொடுத்திருக்கிறார்களாம். வாசித்துக் காட்டினார். "சந்தியாகு என்பவர் எங்கள் தோல் பதனிடும் ஆலையில் கூலியாள். 28.3.97 வெள்ளிக்கிழமை, ஆலைக்கு வார விடுமுறை. அன்று யாருக்கும் வேலை கொடுக்கப்படவில்லை. அவர் அனுமதி இல்லாமல் உள்ளே புகுந்து கழிவுத் தொட்டியில் தவறி விழுந்து இறந்தார்." இவ்வளவுதான். எதற்குப் புகுந்தார் என்று அவர்கள் எழுதவில்லை. அதை ஊர் எழுதிக்கொண்டது. மோட்டார் வயர் திருடப் போனான் என்று பேசுகிறார்கள்.

பதினாலு வருஷம் அந்தத் தோலோடு கிடந்த மனுசன். எத்தனை சோப்புப் போட்டாலும் கையில் சுண்ணாம்பு நெடி போகாது. அந்தக் கையைத்தான் திருட்டுக் கை என்கிறார்கள்.

நீ அங்கே மேஸ்திரி. அன்று வீட்டுக்கு வந்து கூப்பிட்டவன் நீ. அவர் இறங்கும்போது தொட்டி ஓரத்தில் நின்றவனும் நீ. இதை ஆபீசர் முன்னால் வந்து ஒரு வாய் சொன்னால் போதும் என்கிறார் வக்கீல். "வேலைக்குக் கூப்பிட்டேன், வந்தார்." வேறு ஒன்றும் வேண்டாம். நஷ்டஈட்டுக்காக நான் அலையவில்லை தம்பி. திருடன் என்ற பேரோடு அவர் கல்லறையில் கிடக்கக் கூடாது.

எப்போது வருவாய் என்று எழுது. வேலை வேலை என்று நேரம் தப்பிச் சாப்பிடாதே.

உன் அக்காள்
ஆனந்தமேரி


வாணியம்பாடி
5.7.97

பாசமுள்ள அக்காவுக்கு தம்பி ராயப்பு எழுதும் மடல். ஆண்டவர் புண்ணியத்தில் எங்களுக்கு இங்கே குறை ஒன்றும் இல்லை. உன் உடம்பையும் டெய்சி படிப்பையும் நினைக்காத நாள் இல்லை.

சொல்லாமல் வந்தது தப்புதான். திடீரென்று கூப்பிட்டார்கள். இது நம் முதலாளிக்குச் சம்பந்தி வீட்டு ஷாப்பு. மேஸ்திரி என்று இல்லாமல் சூப்பர்வைசர் என்று போட்டிருக்கிறார்கள். நம் ஊர் மாதிரி மூடுவதா திறப்பதா என்ற பிரச்சினை இங்கே குறைவு. இங்கிருந்து தோல் ஷூவாகக் கப்பலேறிப் போகிறது. ஆற்றில் தண்ணீர் இல்லை, மணல்தான். கிணற்றுத் தண்ணீர் நம் பேகம்பூர்ப் பக்கத்துத் தண்ணீரைவிட உப்பு. நாத்தமும் அதே நாத்தம்தான். கண்ணை மூடினால் திண்டுக்கல்லில் நிற்பது போல இருக்கும்.

டெய்சிக்குப் பாவாடைத் துணி அனுப்பியிருக்கிறேன். நீல நிறம், அவளுக்குப் பிடிக்கும். நான்சிக்கு வாந்தி நின்றுவிட்டது. மதினியை ரொம்பக் கேட்டாள்.

நடந்தது தேவ சித்தம் அக்கா. கோர்ட்டு, ஆபீசு என்று நாம் ஏறினால் நம்மைத்தான் தின்னும். கிளறக் கிளற நாத்தம்தான் வரும் என்பது தோல்ஷாப்பில் இருக்கிற நமக்குத் தெரியாததா? அவர் ஆத்துமத்துக்காக ஜெபம் பண்ணு.

அன்புத் தம்பி
ராயப்பராஜ்


சேசு மரி சூசை

முத்தழகுபட்டி
21.7.97

தம்பிக்கு அக்காள் எழுதுவது. மழை இல்லை, குடிதண்ணீருக்கு ஆறு நாளைக்கு ஒரு முறைதான் குழாய் திறக்கிறார்கள். மற்றபடி உயிருக்குக் கேடு இல்லை. நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல் இருங்கள்.

துணி வந்தது. தைக்கக் கொடுக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

போன வாரம் டெய்சி வகுப்பில் ஒரு பிள்ளையின் ஜாமெட்ரி பாக்ஸைக் காணோம். நாற்பது பிள்ளைகள் இருக்க, முதலில் இவள் பையைத்தான் கொட்டிப் பார்த்தார்களாம். பாக்ஸ் அந்தப் பிள்ளை வீட்டிலேயே இருந்திருக்கிறது. இவள் வந்து என்னிடம் அழவில்லை. சோறு தின்றுகொண்டே கேட்டாள்: "ஏம்மா, அப்பா அங்கிட்டு எதை எடுக்கப் போனாக?" நான் எழுந்து போய்விட்டேன். பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது, நீயே எழுது.

தேவ சித்தம் என்று எழுதியிருக்கிறாய். தேவன் அன்றைக்குச் சிலுவையில் அல்லவா தொங்கினார்? பெரிய வெள்ளியன்று நம் ஆட்கள் ஆணி அடிக்க மாட்டார்கள், மண்ணைக் கொத்த மாட்டார்கள், தலைகூடச் சீவ மாட்டார்கள். உன் மச்சான் முதல் நாள் ராத்திரியில் இருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் ஒருசந்தி இருந்தார். ஆண்டவர் சுரூபத்தைக் கிடத்திச் சுமந்து வரும் தூம்பாவுக்குத் தோள் கொடுக்க சாமியாரிடம் பேர் கொடுத்திருந்தார். அப்படிப்பட்ட ஆள் அன்றைக்கு வயர் திருடப் போவாரா?

வெள்ளிக்கிழமை தொழுகைக்காக ஷாப்புக்கு லீவு என்பது ஊருக்கே தெரியும். அந்த லீவில்தான் தொட்டி கழுவுவீர்கள் என்பதும், லீவு நாள் வேலைக்கு ரிஜிஸ்தரில் பேர் ஏறாது என்பதும் ஊருக்கே தெரியும். திங்கட்கிழமை மாசு வாரியத்து ஆட்கள் பார்க்க வருகிறார்கள், தொட்டி வண்டலை அள்ளாவிட்டால் ஷாப்பைப் பூட்டிவிடுவார்கள், நம் ஆள் ஒருத்தனும் இன்றைக்கு வர மாட்டேன் என்கிறான் என்று வாசலில் நின்று நீ சொன்னாய். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு உன் பின்னால் வந்தார். ஒன்றரைக்குச் சேதி வந்தது.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. வருவாயா, மாட்டாயா?

அக்காள்
ஆனந்தமேரி


சேசு மரி சூசை

முத்தழகுபட்டி
18.8.97

தம்பிக்கு. உன் கடிதம் வரவில்லை. நான்சிக்கு மாதம் நெருங்கிவிட்டதே, அதனால் என்று நினைத்துக்கொண்டேன். நல்லபடியாய்ப் பிரசவம் ஆகட்டும்.

செபஸ்தியார் திருவிழா முடிந்தது. அண்டா அண்டாவாய்ச் சோறு, தெருவெல்லாம் கறிக்குழம்பு வாசம். எந்த ஊர், எந்தச் சாமி என்று கேட்காமல் எல்லோரும் பந்தியில் உட்கார்ந்தார்கள். நாங்கள் போகவில்லை. போன வருஷம் வரை சோறு அள்ளிப் போட நின்ற ஆள் இல்லை. போனால், "திருடன் வீட்டாளுகளும் வந்துட்டாக" என்று யாராவது ஒருத்தி சொல்லாமல் இருப்பாளா?

நான் புகையிலைக் கம்பெனியில் இலை நரம்பு கிழிக்கிற வேலைக்குப் போகிறேன். முதல் வாரம் தலை சுற்றி வாந்தி எடுத்தேன். பக்கத்தில் இருக்கிற ஒச்சம்மாள் சொல்கிறாள், "இந்த ஊர்ல பூட்டடிச்சா கை போகும், தோலுக்குப் போனா தண்ணி போகும், இதுக்கு வந்தா நெஞ்சு போகும். எது வேண்டாமோ அதப் பாத்து வேலைக்குச் சேரணும் தாயி." சிரித்துவிட்டேன். ஐந்து மாதத்தில் முதல் சிரிப்பு. பிறகு எனக்கே அசிங்கமாய்ப் போனது.

ஞாயிற்றுக்கிழமை சாகுல் ஹமீது பாய் வந்தார். உன் மச்சானோடு தோல் ஊறல் குழியில் வேலை பார்த்தவர், உனக்குத் தெரியும். உள்ளே வராமல் நிலைப்படியிலேயே நின்றார்.

"ஏக்கா, நான் சாட்சி சொல்ல வாரேன். ஆனா நான் ஜும்மா முடிச்சு ஓடியாரப்ப அவரத் தூக்கிப் போட்டிருந்தாக. கூப்பிட்டதையும் எறக்குனதையும் நான் கண்ணால காங்கல. அதுக்கு மேஸ்திரிதான் வாய் தொறக்கணும்."

"அவன் தொறப்பான் பாய். எந்தம்பிதானே" என்றேன்.

பாய் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வழக்கமா மொத நாளே மூடியத் தொறந்து போட்டு, தண்ணிய அடிச்சு, கெட்ட காத்தப் போக விடுவோம்க்கா. வெசாலக்கெழம சாயங்காலம் நான் கெளம்புறப்ப மூடியெல்லாம் போட்டுத்தான் கெடந்துச்சு. நாத்தம் வெளிய போனா அக்கம்பக்கம் மனு குடுப்பாகன்னு மேனேஜர் மூடச் சொன்னாரு. மறுநா தொறந்த சூட்டோட எறக்கிட்டாக போல."

இது எனக்குத் தெரியாது தம்பி. நீ எனக்குச் சொல்லவில்லை.

விசாரணை அக்டோபர் 14. உனக்கு ஆபீசில் இருந்து சம்மன் வரும். நான்சியைப் படி ஏறி இறங்க விடாதே.

அக்காள்
ஆனந்தமேரி


வாணியம்பாடி
10.9.97

அன்புள்ள அக்காவுக்கு ராயப்பு வணங்கி எழுதுவது. நல்ல சேதி. ஆகஸ்டு 30ஆம் தேதி ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. தாயும் பிள்ளையும் நலம். மூக்கு அப்படியே நம் அய்யாவுடைய மூக்கு. நீ பார்த்தால் விடமாட்டாய்.

நான்சியும் நானும் பேசி முடிவு செய்திருக்கிறோம். நீதான் பிள்ளைக்கு ஞானத்தாய். அம்மா செத்தபோது எனக்கு மூன்று வயது. என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நீ. என் பிள்ளையையும் ஞானஸ்நானத்துக்கு நீதான் கையில் ஏந்த வேண்டும். இன்னொன்று. பிள்ளைக்குச் சந்தியாகு என்றே பேர் வைக்கலாம் என்று இருக்கிறோம். மச்சான் பேர் நம் வீட்டில் நிலைத்து நிற்கட்டும்.

டிசம்பர் கடைசியில் ஊருக்கு வருவோம். அதற்குள் கேஸை வாபஸ் வாங்கிவிட்டால் எல்லோருக்கும் நல்லது. நான் கூண்டில் ஏறினால் என்னை மட்டும் கேட்டு விட்டுவிட மாட்டார்கள் அக்கா. யோசித்துப் பார்.

டெய்சிக்கு மாமாவின் முத்தங்கள்.

ராயப்பராஜ்


சேசு மரி சூசை

முத்தழகுபட்டி
25.9.97

தம்பிக்கு. பிள்ளை பிறந்த சேதி கேட்டு மெழுகுதிரி கொளுத்தினேன். நான்சிக்குப் பூண்டு நிறையப் போட்டுக் குழம்பு வைத்துக் கொடுக்கச் சொல். குளிர்ந்த தண்ணீரில் கை வைக்க விடாதே. பிள்ளை மேல் எனக்கு என்ன கோபம்? நூறு வருஷம் இருக்கட்டும்.

அவர் பேரை அதற்கு வைக்காதே. முதலில் அந்தப் பேரில் ஒட்டியிருக்கிறதைக் கழுவிக் கொடு. பிறகு வைக்கலாமா வேண்டாமா என்று பேசுவோம். ஊறிப்போன தோலைக் கழுவாமல் மேலே சாயம் பூசினால் என்ன ஆகும் என்று மேஸ்திரிக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உன்னை மட்டும் கேட்க மாட்டார்கள் என்று எழுதியது எனக்கு விளங்கவில்லை. யாரைக் கேட்டால் என்ன? அக்டோபர் 14, பத்து மணி. மறந்துவிடாதே.

ஆனந்தமேரி


சேசு மரி சூசை

முத்தழகுபட்டி
16.10.97

தம்பிக்கு. நாங்கள் இருக்கிறோம். நீங்களும் இருப்பீர்கள்.

நீ வரவில்லை. டெய்சிக்குப் பள்ளிக்கூடத்தில் லீவு கேட்டு, ஒன்பது மணிக்கே போய் ஆபீஸ் வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். வருகிற ஒவ்வொரு ஆட்டோவையும் அவள் எழுந்து எழுந்து பார்த்தாள். "மாமா பஸ்சு லேட்டாம்மா?" என்று மூன்று தடவை கேட்டாள். பாய் மட்டும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார்.

உனக்கு அனுப்பிய சம்மன் திரும்பி வந்துவிட்டது. "அந்த விலாசத்தில் அப்படி ஒருவர் இல்லை" என்று எழுதியிருந்ததாம். நான் போடுகிற கடிதம் எல்லாம் அந்த விலாசத்துக்குத்தான் வருகிறது. உன் பிள்ளை அந்த விலாசத்தில்தான் பிறந்தது. சம்மன் வந்த அன்றைக்கு மட்டும் நீ அங்கே இல்லாமல் போய்விட்டாய்.

டிசம்பர் 17க்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். அதற்குள் கல்லறைத் திருநாள் வரும். உன் மச்சான் குழிக்கு நீ ஒரு மெழுகுதிரிகூடக் கொண்டு வரவேண்டாம். ஒரு வரி எழுது. ஏன் வரமாட்டேன் என்கிறாய்? ஏன்?

ஆனந்தமேரி


வாணியம்பாடி
8.11.97

அக்காவுக்கு. பிள்ளைக்கு ஒரு வாரமாய்ச் சளி. இன்றுதான் கொஞ்சம் தூங்குகிறான். அதனால்தான் தாமதம் என்று எழுதலாம். அது பொய். பத்து தடவை எழுதிக் கிழித்தேன்.

ஏன் என்று கேட்டாய். உனக்குத் தெரியாமலா கேட்கிறாய்?

நான் வந்து கூப்பிட்டேன், அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார் என்று ஜூலை மாதம் எழுதினாய். அந்த இரண்டுக்கும் நடுவில் நடந்ததை ஏன் விட்டாய்? மச்சான் ஜெபமாலையோடு பாயில் உட்கார்ந்திருந்தார். "இன்னைக்கு வேண்டாம் மாப்ள. ஆண்டவர் செத்த நாளு. நாளைக்கு விடியவே வாரேன்" என்றார். நான் கெஞ்சினேன். "வரமாட்டேன்" என்று இரண்டாம் தடவையும் சொன்னார். நான் சரி என்று திரும்பி, தெரு முக்கு வரை போய்விட்டேன் அக்கா.

அப்போது நீ அவரைப் பிடித்த பிடி தெரு முக்கு வரை கேட்டது. "எந்தம்பி மேனேஜர் முன்னாடி தலகுனிஞ்சு நிக்கணுமா? கோர்ட்டு பூட்டுன ஷாப்ப மறுபடி தொறந்தப்ப பாதிப் பேர வெளிய நிறுத்துனாக. உங்கள உள்ள விட்டது யாரு? அந்த நன்றிகூட இல்லையா? மூணு மணிக்குள்ள முடிச்சுட்டு வந்து கோயிலுக்குப் போங்க. ஆண்டவர் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு." அதற்குப் பிறகுதான் அவர் ஓடி வந்து என்னோடு சேர்ந்தார்.

"திரும்பிப் போங்க மச்சான்" என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆள் கிடைத்த சந்தோஷம் எனக்கு.

நான் கூண்டில் ஏறினால் அவர்கள் வக்கீல் என்ன கேட்பார்? விரதம் இருந்த ஆள், இரண்டு தடவை மாட்டேன் என்ற ஆள், எப்படி வந்தார் என்று கேட்பார். நான் உன் பேரைச் சொல்ல வேண்டும். டெய்சி கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். உன்னைக் காப்பாற்றத்தான் இத்தனை மாதம் வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன். இதைப் புரிந்துகொண்டு கேஸை விட்டுவிடு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ராயப்பராஜ்


சேசு மரி சூசை

முத்தழகுபட்டி
20.11.97

தம்பி ராயப்பராஜுக்கு. பிள்ளைக்குச் சளி விட்டதா? கற்பூரவள்ளி இலையை அனலில் வாட்டிச் சாறு எடுத்து நாக்கில் தடவு. மேலே சட்டை இல்லாமல் போடாதே.

உன் கடிதத்தில் அன்று வீட்டில் நடந்ததைப் பற்றி எழுதியதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. நான்தான் அனுப்பினேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூட நான் இதைச் சொல்லவில்லை. வாய் வரைக்கும் வரும், வேறு பாவத்தைச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவேன். உனக்கு எழுதும்போதும் அந்த இடத்தில் பேனா தாண்டித் தாண்டிப் போனது. நீ ஒன்றை விட்டுவிட்டாய், அது உனக்குக் கேட்டிருக்காது. செருப்பை மாட்டிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார். கோபம் இல்லை. "உந்தம்பிக்காகத்தாண்டி" என்றார். எட்டு மாதமாய் நரம்பு கிழிக்கும்போதும், சோறு வடிக்கும்போதும், அதுதான் காதில் விழுகிறது.

அதனால் எனக்கு நீ புதிதாய் ஒன்றும் சொல்லிவிடவில்லை.

ஆனால் என்னைக் காப்பாற்றுகிறேன் என்று எழுதாதே. நான் அவரை வாசலைத் தாண்ட வைத்தேன். தொட்டிக்குள் இறக்கியது நான் இல்லை. மூடியை முதல் நாளே திறந்து போட வேண்டும் என்பது இலை கிழிக்கிறவளுக்குத் தெரியாது. மேஸ்திரிக்குத் தெரியும். அதைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. பெரிய உத்தியோகம் கொடுத்து உன்னை எதற்கு அவ்வளவு தூரம் அனுப்பினார்கள் என்பதும் இல்லை. என் குற்றத்தைக் குடையாய்ப் பிடித்துக்கொண்டு நீ அதன் கீழே நிற்கிறாய்.

டிசம்பர் 17 வா. என் பேரைச் சொல். அக்காள்தான் பிடித்துத் தள்ளினாள் என்றே சொல். டெய்சி கேட்டால் கேட்கட்டும். அவர் வேலைக்கு வந்தார் என்பதை மட்டும் விட்டுவிடாமல் சொல்லிவிட்டுப் போ. உன்னை வளர்த்ததற்கு வேறு எதுவும் நான் கேட்டதில்லை.

ஆனந்தமேரி


சேசு மரி சூசை

முத்தழகுபட்டி
2.3.98

ராயப்பராஜுக்கு ஆனந்தமேரி எழுதுவது. தபசுகாலம் தொடங்கிவிட்டது. வெயிலும் தொடங்கிவிட்டது. பிள்ளை தவழ்கிறான் என்று நான்சியின் அம்மா சொன்னார். சந்தோஷம்.

மூன்று மாதத்துக்கு மேலாக எழுதவில்லை. டிசம்பர் 17ஆம் தேதி நீ பாதியிலேயே மேனேஜர் காரில் ஏறிப் போய்விட்டாய். மீதியைத் தெரிந்துகொள்ள வேண்டாமா?

நீ வந்தபோது டெய்சிதான் முதலில் பார்த்தாள். "மாமா வந்துட்டாகம்மா!" என்று ஓடப் போனாள். நீ அவர்கள் பக்கத்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்ததும் பாதி வழியில் நின்றுவிட்டாள். நம் சம்மனுக்கு இல்லாத ஆள் அவர்கள் சாட்சியாய் வந்தாய். "அன்று நான் கோயிலில் சிலுவைப்பாதையில் இருந்தேன், யாரையும் வேலைக்குக் கூப்பிடவில்லை" என்றாய். சிலுவைப்பாதையைச் சொல்லும்போதுகூட உனக்கு நாக்கு குழறவில்லை. ஒரு தடவையும் என்னைப் பார்க்கவில்லை.

அடுத்து பாய் ஏறினார். "நான் ஓடியாரப்ப ராயப்பராஜ் மேஸ்திரி தொட்டி ஓரத்துல நனைஞ்சுபோயி தலையில அடிச்சுக்கிட்டு இருந்தாரு. வண்டல் அள்ளுற வாளியும் கயிறும் கெடந்துச்சு. வயர் திருட வாரவன் வாளி கயிறோடயாய்யா வருவான்?" என்றார். அவர்கள் வக்கீல், பாய்க்கும் ஷாப்புக்கும் சம்பளத் தகராறு என்று ஒரே போடாய்ப் போட்டார்.

அப்புறம் நான்.

"ஏம்மா, விரதம் இருக்குற மனுசன், கோயில்ல தோள் குடுக்கப் பேர் குடுத்த மனுசன், லீவு நாள்ல எதுக்கு ஷாப்புக்குப் போனாரு? சொல்லுங்க" என்று கேட்டார் அந்த வக்கீல். பதில் இல்லை என்று நினைத்துக்கொண்டு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இருந்தார்.

"நான் அனுப்புனேன்யா" என்றேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். ஆபீசர் டைப் அடிக்கிற பிள்ளையை நிறுத்தச் சொல்லிவிட்டு, "மெதுவா சொல்லும்மா" என்றார். சொன்னேன். நீ வந்து நின்றது, அவர் மாட்டேன் என்றது, நீ திரும்பிப் போனது, நான் பேசிய பேச்சு, வார்த்தைக்கு வார்த்தை. நன்றி இல்லையா என்று கேட்டதையும் சொன்னேன். பின்னால் பெஞ்சில் டெய்சி இருந்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பேச்சு நின்றிருக்கும்.

"அப்ப உங்க புருசன் சாவுக்கு நீங்கதான் காரணம்ங்கிறீங்க" என்றார் வக்கீல்.

"பாதிக்கு நான்யா. மீதிக்கு யாருன்னு ஷாப்புல கேளுங்க. திருடப் போற புருசனை, பகல் பதினொரு மணிக்கு, கூடப் பொறந்தவன் பின்னாடி ஏசி ஏசி அனுப்புற பொம்பளை இந்த ஊர்ல இருக்காளா? பெரிய வெள்ளியில வேலைக்கு அனுப்புன பாவி நான் ஒருத்திதான்."

ஆபீசர் சொல்லச் சொல்ல அந்தப் பிள்ளை அடித்தாள். அதை எனக்கு வாசித்துக் காட்டச் சொன்னேன். வாசித்தாள்.

போன வாரம் தீர்ப்பு வந்தது. "சந்தியாகு வேலைக்கு அழைக்கப்பட்டுச் சென்று, வேலையின்போது இறந்தார். மனைவியின் சாட்சியம் தனக்கே பாதகமானது என்பதால் நம்பத்தக்கது." இரண்டாவது வரிக்கு வக்கீல் அர்த்தம் சொன்னார். என் மானத்தை நானே வாங்கிக்கொண்டதால் நான் சொன்னது உண்மை என்று அர்த்தமாம். அந்தக் காகிதத்தை டெய்சி பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போய்த் தலைமை சிஸ்டரிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே வாசித்தார். ஜாமெட்ரி பாக்ஸ் காணாமல் போன வகுப்பு டீச்சரையும் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். குழாயடியில் இப்போது யாரும் திருடன் என்று சொல்வதில்லை. பேசுவது வேறு. "புருசனக் குழியில தள்ளுனவ" என்கிறார்கள். அது பரவாயில்லை. அது அவர் மேல் ஒட்டாது.

அன்று ஆபீசில் இருந்து வரும்போது டெய்சி பஸ்சில் வேறு சீட்டில் உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்து பாவாடைகூட மாற்றாமல் கேட்டாள்.

"அப்பா வரமாட்டேன்னுதான் சொன்னாகளா?"

"ஆமா."

"ரெண்டு தடவையா?"

"ரெண்டு தடவை."

அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. கிறிஸ்மஸ் முடிந்ததும் அவளாகவே சிஸ்டர்களிடம் போய்க் கேட்டு போர்டிங்கில் சேர்ந்துகொண்டாள். நடந்தால் வீட்டில் இருந்து பத்து நிமிஷம். உன்னைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. உனக்கு என்று மிச்சம் வைக்க அவளிடம் கோபம் இல்லை போல, எல்லாம் எனக்கே சரியாகப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் பார்க்கிறேன். போர்டிங் பிள்ளைகளோடு எனக்கு நாலு வரிசை முன்னால் நிற்கிறாள். ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லுங்கள் என்று சாமியார் சொன்னதும் எல்லாப் பிள்ளைகளும் முன்னும் பின்னும் திரும்பிக் கை கூப்புகிறார்கள். நானும் கையைக் கூப்பிக்கொண்டு நிற்கிறேன். அவள் பீடத்தைப் பார்த்தபடியே நிற்கிறாள்.

நான்சியையும் பிள்ளையையும் கேட்டதாகச் சொல். இதற்குப் பதில் போட வேண்டாம்.

சந்தியாகு சம்சாரம்
ஆனந்தமேரி